களி கொதித்த குழியா, கல் விழுந்த குழியா?

ராகிக் களி கிண்டும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். உலை கொதித்ததும் மாவைக் கொட்டுவார்கள். உடனே கிண்ட மாட்டார்கள், கொஞ்ச நேரம் வேக விடுவார்கள். அடியிலிருந்து ஆவி முட்டிக்கொண்டு வந்து 'பொத், பொத்' என்று வெடிக்கும். வெடித்த இடமெல்லாம் ஒரு வட்டக் குழி, குழியைச் சுற்றி மெல்லிய கரை. எங்கள் குப்பம் ஆந்திராவின் மூலையில், தமிழ்நாடும் கர்நாடகமும் வந்து முட்டும் இடத்தில் இருக்கிறது. தமிழில் களி, தெலுங்கில் சங்கட்டி, கன்னடத்தில் முத்தெ என்று பெயர்தான் மாறும், பானைக்குள் நடப்பது ஒன்றுதான். பள்ளி நாளில் முதன்முதலாக ஒரு சின்னத் தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பானைதான் ஞாபகம் வந்தது. நிலா எப்போதோ கொதித்து ஆறியிருக்கிறது என்றே பல வருடம் நம்பியிருந்தேன்.

அப்படி நம்பியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1665இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதே கேள்வியைக் கையில் எடுத்தார். குழைத்த களிமண்ணில் துப்பாக்கிக் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார். நிலாப் பள்ளம் போலவே குழி விழுந்தது. அப்புறம் ஜிப்சம் வகைத் தூளைச் சூடாக்கிக் கொதிக்க வைத்தார். அதிலும் அதே மாதிரி குழி வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் கொதிப்பின் பக்கம் சாய்ந்தார். காரணம் நியாயமானது. அவ்வளவு பெரிய கல் வானத்தில் எங்கிருந்து வரும்? முதல் குறுங்கோளான சீரிஸைக் கண்டுபிடித்ததே 1801இல்தான். நிலாப் பள்ளங்கள் எல்லாம் எரிமலை வாய்கள் என்ற எண்ணம் அதற்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் நிலைத்து நின்றது.

ஹூக்கின் இரண்டாவது சோதனையை நம் வீடுகளில் தினமும் அடுப்பில் பார்க்கிறோம். முதலாவதைச் செய்வதும் சுலபம். போன கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகள் ஆறேழு பேரை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் அதைச் செய்தேன். ஒரு அகலத் தாம்பாளம். அடியில் மூன்று விரல் கனத்துக்கு வெள்ளைக் கோலமாவு, அதன் மேல் மெல்லிய போர்வை போல ராகி மாவு. நெஞ்சு உயரத்திலிருந்து ஒரு கோலிக்குண்டை விட்டோம்.

குழி விழுந்ததை விட, குழியைச் சுற்றி நடந்ததுதான் பார்க்க வேண்டியது. பழுப்பு ராகி மாவின் மேல் வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்தது. அந்த வளையத்திலிருந்து நாலாபக்கமும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடியிருந்தன. மேலே இருந்தது ராகி, கீழே இருந்தது கோலமாவு. இப்போது கீழே இருந்தது மேலே வந்து கிடக்கிறது. விளிம்பை ஒரு ஸ்பூனால் மெதுவாக வெட்டிப் பார்த்தால் வரிசை தெரியும்: மேலே வெள்ளை, நடுவில் பழுப்பு, அதன் கீழே மறுபடி வெள்ளை. பாயின் ஓரத்தைத் திருப்பி மடித்தது போல அடுக்கு தலைகீழாகப் புரண்டிருக்கிறது. நிலாப் பள்ளத்தின் கரையும் இப்படித்தான். சுற்றியுள்ள தரையை விட அது உயர்ந்து நிற்பதற்குக் காரணம் இரண்டு. தரையே நெம்பித் தூக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல், உள்ளிருந்து எறியப்பட்ட கல்லும் தூளும் குவிந்திருக்கின்றன.

அப்போது ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: "அண்ணா, நம்ம குண்டு குழிக்குள்ளயே கெடக்குது. நிலாவுல அந்தக் கல்லு எங்க?"

பெரிய பெரிய ஆட்களைத் திணற வைத்த கேள்வி இது. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் சுமார் 1.2 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அது விண்கல் விழுந்த இடம் என்று உறுதியாக நம்பிய டேனியல் பாரிங்கர் என்ற சுரங்கக்காரர், அடியில் கோடிக்கணக்கான டன் இரும்பு புதைந்திருக்கும் என்று கணக்குப் போட்டு 1903இல் தோண்டத் தொடங்கினார். 1929இல் இறக்கும் வரை தோண்டினார். விண்கல் என்று அவர் சொன்னது சரி. ஆனால் அவர் தேடிய இரும்பு மலை கீழே இல்லை.

ஏன் இல்லை என்பதற்குக் கணக்குதான் பதில். குறுங்கோள்கள் நிலாவில் மோதும் வேகம் நொடிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் அளவில் இருக்கும். நொடிக்கு 20 கிலோமீட்டரில் வரும் ஒரு கிலோ கல்லிடம் இருக்கும் ஆற்றல், 45 கிலோவுக்கும் மேற்பட்ட டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். அந்த வேகத்தில் கல் என்பது வெறும் கல் இல்லை, தன் எடையைப் போல நாற்பது மடங்குக்கு மேல் மருந்து அடைத்த வெடி. அது தரையைத் தொட்டு ஒரு கணம் உள்ளே போகும். அதிர்ச்சி அலை முன்னால் பாறைக்குள்ளும் பின்னால் கல்லுக்குள்ளும் பாயும். அந்த அழுத்தம் விடுபடும்போது கல்லில் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் போகும். மாடியில் நாங்கள் விட்ட கோலிக்குண்டு குழியில் தங்குகிறது, ஏனென்றால் அது மெதுவாக விழுந்தது. தாம்பாளத்தில் நாங்கள் பார்த்தது நிலாவில் நடப்பதன் உருவம் மட்டும்தான்.

வேறொரு சிக்கலையும் தாம்பாளம் காட்டிக்கொடுத்தது. ஒரு பையன் குண்டைச் சாய்வாக எறிந்தான். குழி முட்டை வடிவில் வந்தது. வானத்திலிருந்து வரும் கல் எல்லாம் நேர் செங்குத்தாகவா வரும்? பெரும்பாலும் சாய்வாகத்தான் வரும். பிறகு ஏன் நிலாப் பள்ளங்கள் எல்லாம் வட்டமாக இருக்கின்றன? 1890களில் குரோவ் கார்ல் கில்பர்ட் என்ற நிலவியல் அறிஞர், நிலாப் பள்ளங்கள் மோதலால் வந்தவை என்று துணிந்து எழுதியபோதும் இந்த வட்டம்தான் அவரை உறுத்தியது.

பதிலை நான் எங்கள் தெருவில் கேட்டேன். குப்பத்தைச் சுற்றிக் கல் குவாரிகள் அதிகம். அதில் நெடுங்காலம் வெடி வைத்த பெரியவர் ஒருவர் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். போனில் ஒரு நிலாப் பள்ளத்தின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது குத்தின குழி இல்ல, நைனா. மருந்து உள்ள போய் வெடிச்ச குழி. குத்தினா ஒரு பக்கம் சாயும். வெடிச்சா நாலு பக்கமும் ஒண்ணாத்தான் தூக்கும். கம்பிய எப்படிச் சாய்ச்சுத் துளை போட்டா என்ன?"

இதைத்தான் 1916இல் எஸ்தோனிய வானியலாளர் எர்ன்ஸ்ட் ஓபிக்கும், 1924இல் நியூசிலாந்தின் கிஃபர்டும் கணக்கோடு சொன்னார்கள். பள்ளத்தைத் தோண்டுவது கல்லின் உடம்பு இல்லை, வெடிப்பின் அதிர்ச்சி அலை. அலை ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதால் குழி வட்டமாகிறது. தரையை உரசுகிற மாதிரி மிகத் தாழ்வாக வரும் கல் மட்டுமே நீளக் குழி போடும். நிலாவில் அதற்கும் உதாரணம் உண்டு. மெஸ்ஸியே என்ற நீள்வட்டப் பள்ளமும் அதன் பக்கத்துப் பள்ளமும் அப்படிப்பட்டவை. அங்கிருந்து இரண்டு வெள்ளைக் கோடுகள் ஒரே திசையில் வால் மாதிரி ஓடும். 1960இல் நிலவியல் அறிஞர் யூஜின் ஷூமேக்கரும் அவருடைய சகாக்களும் அரிசோனா பள்ளத்துப் பாறையில் கோயசைட் என்ற கனிமத்தைக் கண்டார்கள். மணற்கல்லில் உள்ள குவார்ட்ஸ் மிகக் கடுமையான அழுத்தத்தில் நசுங்கினால்தான் அது உண்டாகும். அத்துடன் களிப்பானைக் கட்சி வலுவிழந்தது.

வெடிப்பு என்று புரிந்துவிட்டால் பள்ளத்தின் ஒவ்வொரு உறுப்பையும் வாசிக்கலாம். சின்னதிலிருந்து தொடங்குவோம். விக்ரம் சாராபாய் பெயரில் ஒரு பள்ளம் நிலாவில் இருக்கிறது. செரினிட்டி கடல் என்று சொல்லப்படும் கருமையான சமவெளியில், ஏறத்தாழ 8 கிலோமீட்டர் அகலத்தில். சந்திரயான் 2 அதைப் படம் எடுத்து அளந்து சொன்னது: கரையிலிருந்து ஆழம் சுமார் 1.7 கிலோமீட்டர், உள்சுவரின் சரிவு 25 முதல் 35 டிகிரி. ஆழம் அகலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சின்னப் பள்ளங்கள் எல்லாவற்றுக்கும் இந்த விகிதம் கிட்டத்தட்ட பொருந்தும். வழவழப்பான ஒரு கிண்ணம், அவ்வளவுதான். அடியில் சுவரிலிருந்து சரிந்த கற்களும் நொறுங்கலும் கிடக்கும். சூடு பட்டு ஒட்டிக்கொண்டு கான்கிரீட் போல இறுகிய கலவைக் கற்களும் அதில் உண்டு.

குழியின் முழு ஆழத்திலிருந்தும் கல் வெளியே வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கு அளவுதான் வெளியே பறக்கிறது. மீதி கீழேயும் பக்கவாட்டிலும் அமுங்கி, கரையை வெளிப்பக்கம் நெம்புகிறது.

15, 20 கிலோமீட்டரைத் தாண்டினால் கதையே வேறு. நிலாவின் தென்பகுதியில் இருக்கும் டைக்கோவை எடுத்துக்கொள்வோம். அகலம் சுமார் 85 கிலோமீட்டர். ஐந்தில் ஒரு பங்கு கணக்குப்படி ஆழம் 17 கிலோமீட்டர் இருக்க வேண்டும். இருப்பதோ 5 கிலோமீட்டருக்கும் குறைவு. மீதி ஆழம் எங்கே போனது? தன் பாரத்திலேயே இடிந்து நிரம்பிவிட்டது. வெடிப்பு திறந்த அந்தப் பெருங்குழியால் நிற்க முடியவில்லை. சுவர்கள் பெரிய பெரிய பாளங்களாக வழுக்கி உள்ளே இறங்கின. ஒவ்வொரு பாளமும் இறங்கி நின்ற இடம் ஒரு படி. அதனால்தான் டைக்கோவின் உள்சுவர் எங்கள் பக்கத்துக் கருங்கல் குவாரி மாதிரி படிப்படியாகத் தெரிகிறது. குவாரியில் அந்தப் படிகளை ஆள் வெட்டுகிறான். அங்கே பாறை தானே வெட்டிக்கொண்டது, அதுவும் சில நிமிடங்களுக்குள்.

நடுவில் ஒரு மலை. அடித்தளத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உயரம். இதைத் தாம்பாளத்தில் எவ்வளவு முயன்றும் எங்களால் கொண்டுவர முடியவில்லை. மாவை விட்டுவிட்டு ஒரு அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, மேலிருந்து ஒரு சொட்டு விடச் சொன்னேன். சொட்டு விழும், குழி விழும், அந்தக் குழி மூடும்போது நடுவில் ஒரு தண்ணீர்த் தூண் எழும்பும். பிள்ளைகள் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அமுக்கப்பட்ட அடிப்பாறை திமிறிக்கொண்டு மேலே எழுவதும் அப்படித்தான். தண்ணீர்த் தூண் மறுபடி விழுந்துவிடும். பாறை பாதியில் உறைந்து மலையாக நின்றுவிட்டது.

பாறை எப்படித் தண்ணீர் மாதிரி ஓடும் என்று கேட்கலாம். லாரியில் குவித்து ஏற்றிய ஜல்லி, குண்டும் குழியுமான சாலையில் குலுங்கக் குலுங்கத் தானே சரிந்து மட்டமாவதைப் பார்த்திருப்போம். மோதலின் அதிர்வில் நொறுங்கிய பாறையும் அந்தச் சில நிமிடம் மட்டும் அப்படி ஓடுகிறது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இதில் ஈர்ப்பு விசைக்குப் பங்கு இருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி பூமி. நிலாவை விட இங்கே ஈர்ப்பு ஆறு மடங்கு. அதனால் நடுமலை வைத்த பள்ளங்கள் இங்கே 2 முதல் 4 கிலோமீட்டர் அகலத்திலேயே தொடங்கிவிடுகின்றன.

அந்த நடுமலைதான் எனக்கு மிகப் பிடித்த உறுப்பு. எங்கள் பக்கம் போர்வெல் போடுபவர்களுக்குத் தெரியும்: வெளியே வரும் தூளின் நிறத்தைப் பார்த்தே கீழே என்ன பாறை என்று சொல்வார்கள். செம்மண், சுக்கான், சாம்பல், கறுப்பு என்று மாறிக்கொண்டே வரும். நிலாவில் போர் போட ஆள் தேவையில்லை. பல கிலோமீட்டர் ஆழத்துப் பாறையை மோதலே தூக்கி மலையாக நிறுத்தி வைத்திருக்கிறது. ஜப்பானின் ககுயா விண்கலம் பல பள்ளங்களின் நடுமலைகளை ஆராய்ந்தபோது அங்கே அனார்த்தோசைட் என்ற வெளுத்த பாறை ஏறக்குறையக் கலப்பில்லாமல் இருப்பதைக் கண்டது. ஒரு காலத்தில் நிலா முழுக்கத் தீக்குழம்புக் கடலாக இருந்து, லேசான கனிமங்கள் மேலே மிதந்து ஆடைகட்டியதற்கான அடையாளம் இது. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. சந்திரயானின் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் பழக்க இஸ்ரோவுக்கு நிலா மண் மாதிரி தேவைப்பட்டபோது அந்தப் பாறையை அரைத்துத்தான் செய்தார்கள்.

டைக்கோவின் நடுமலை உச்சியில் 120 மீட்டர் அகலமான ஒரு பாறை உட்கார்ந்திருக்கிறது. நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் எடுத்த படத்தில் பார்க்கலாம். அதைச் சுற்றி, உருகி ஆறிய பாறைக் குழம்பு பாலாடை போலச் சுருங்கிக் கிடக்கிறது. உருகிய பாறைதான் டைக்கோவின் அடித்தளத்தையும் நிரப்பியது. கரைக்கு வெளியேயும் அது வழிந்து தேங்கி, பள்ளத்தைச் சுற்றிக் கருமையான ஒரு வளையமாகத் தெரிகிறது. களிப்பானைக் கட்சிக்காரர்கள் இந்தக் குழம்பைப் பார்த்திருந்தால் எரிமலை என்றே சாதித்திருப்பார்கள். பாறையை உருக்கிய சூடு அடியிலிருந்து வரவில்லை, வானத்திலிருந்து வந்தது.

இனி அந்த வெள்ளைக் கோடுகள். பௌர்ணமி அன்று சாதாரண பைனாகுலரில் பார்த்தாலே போதும். சாத்துக்குடியின் காம்பு இருந்த இடத்திலிருந்து வரி ஓடுவது போல, டைக்கோவிலிருந்து கோடுகள் கிளம்பி நிலாவின் முகத்தில் பாதியைக் கடந்து போகும். சில கோடுகள் 1,500 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். காற்று இல்லை, தடுப்பு இல்லை, ஈர்ப்பும் குறைவு. எறிந்த கல் எறிந்த வேகத்திலேயே போய் விழும். விழுந்த இடத்தில் அதுவும் ஒரு சின்னக் குழி போடும். கரைக்குப் பக்கத்தில் பெரிய பாளங்கள், தூரம் போகப் போகப் பொடி. குவாரிப் பெரியவர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை.

1968 ஜனவரியில் அமெரிக்காவின் ஆளில்லாக் கலமான சர்வேயர் 7 டைக்கோவின் வடக்குக் கரைக்கு வெளியே இந்தச் சிதறலின் மேலேயே இறங்கியது. 1972 டிசம்பரில் அப்போலோ 17 வீரர்கள் இறங்கிய பள்ளத்தாக்கு டைக்கோவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே ஒரு மலைச்சரிவு இருக்கிறது. டைக்கோவிலிருந்து பறந்து வந்த கற்கள் இடித்துத்தான் அது சரிந்தது என்று பலர் கருதுகிறார்கள். அங்கே எடுத்த மாதிரிகளை வைத்துத்தான் டைக்கோவின் வயதைச் சுமார் 11 கோடி ஆண்டு என்று கணக்கிட்டார்கள். பூமியில் டைனோசர்கள் நடமாடிய காலம். நிலாவின் கணக்கில் இது நேற்றைய பள்ளம், அதனால்தான் கோடுகள் இவ்வளவு வெளுப்பாக இருக்கின்றன. நாளாக ஆக, சூரியக் காற்றும் நுண்கற்களும் பட்டு அவை மங்கிப்போகும். 80 கோடி ஆண்டு வயதுள்ள கோப்பர்னிக்கஸ் பள்ளத்தின் கோடுகள் இப்போதே அவ்வளவு பளிச்சென்று இல்லை. டைக்கோவுக்குத் தெற்கே உள்ள கிளேவியஸுக்குக் கோடே கிடையாது. 200 கிலோமீட்டருக்கு மேல் அகலமான கிழட்டுப் பள்ளம் அது. அதன் வயிற்றுக்குள்ளேயே வரிசையாகச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. எது எதன் மேல் விழுந்தது என்று பார்த்தே மூத்தது இளையது சொல்லிவிடலாம்.

மோதல் பழங்கதையும் இல்லை. 2013 மார்ச் 17 அன்று நிலாவில் ஒரு வெளிச்சம் மின்னியதைப் பூமியிலிருந்தே பதிவு செய்தார்கள். பிறகு எல்ஆர்ஓ அந்த இடத்தைப் பார்த்தபோது 18 மீட்டர் அகலத்தில் புதுப் பள்ளம் இருந்தது. ஒரு மீட்டர் அகலம் கூட இல்லாத கல் போட்ட குழி.

ஆந்திராவின் தென்கிழக்குக் கடற்கரையில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14இல் கிளம்பிய சந்திரயான் 3 ஆகஸ்ட் 23இல் தரை இறங்கியது. நாலு நாள் கழித்து பிரக்யான் ஊர்தியின் முன்னால் 3 மீட்டர் தூரத்தில் 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தென்பட்டது. வந்த வழியே திரும்பச் சொல்லி ஆணை போனது. ஊர்தி திரும்பிய சக்கரத் தடத்தின் படம் எங்கள் வீட்டு டிவியில் வந்தபோது என் அம்மா, "நல்லவேளை பாத்துச்சு" என்றார். பிறகு அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் படங்களை ஆராய்ந்து, கலம் இறங்கிய இடமே சுமார் 160 கிலோமீட்டர் அகலமுள்ள, புதைந்துபோன பழைய பள்ளத்துக்குள் இருக்கிறது என்று 2024இல் சொன்னார்கள். அதைப் புதைத்தது, அதை விடப் பல மடங்கு பெரிய தென்துருவ எய்ட்கென் பள்ளத்தின் சிதறல். குழிக்கு மேல் குழி, அதன் மேல் 4 மீட்டர் குழி.

இவ்வளவும் அழியாமல் இருப்பதற்குக் காரணம், அங்கே மழை இல்லை, ஆறு இல்லை, காற்று இல்லை. நிலாவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள பள்ளங்கள் பத்து லட்சத்துக்கும் அதிகம். பூமியில் உறுதியானவை எல்லா அளவிலும் சேர்த்து இருநூறு சொச்சம். எங்கள் குப்பம், கோலார் பக்கத்துப் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அத்தனை காலத்தில் இங்கே கல் விழாமலா இருந்திருக்கும்? விழுந்த குழிகளை மழை கரைத்தது, பாலாறு மாதிரி ஆறுகள் வாரிக்கொண்டு போயின. நம் நாட்டில் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்தின் லோனாருக்குப் போகலாம். எரிமலைக் கருங்கல்லில் 1.8 கிலோமீட்டர் அகலத்தில் விழுந்த அசல் கிண்ணம் அது. நிலாவின் கருஞ்சமவெளிகளும் அதே மாதிரிப் பாறை என்பதால் ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

சொந்தக் கண்ணால் டைக்கோவைப் பார்க்க விரும்புபவர்கள் பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்று நிழல் இருக்காது, வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரியும். வளர்பிறை அஷ்டமி கழித்து, நவமி வாக்கில் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் அப்போதுதான் டைக்கோவுக்கு விடிகிறது. போன மாதம் மாடியில் ஐந்து அங்குலத் தொலைநோக்கியை வைத்து, குவாரிப் பெரியவரையும் மேலே அழைத்து வந்தேன். பள்ளம் முழுக்க மைபோல இருட்டு. கிழக்கே பார்த்த கரை மட்டும் வெள்ளி வளையல் துண்டு மாதிரி ஒளிர்ந்தது. அந்த இருட்டின் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு வெளிச்சப் புள்ளி. நடுமலையின் உச்சியில் மட்டும் வெயில் பட்டிருந்தது.

பெரியவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறி வந்து பார்த்தார். புள்ளி கொஞ்சம் பெரிதாகியிருந்தது.